பழைய பென்ஸும் நாஞ்சில் நாட்டுச் சாலைகளும்

நெல்லைச் சீமையிலிருந்து முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து எங்கள் மாவட்டத்துக்குள் நுழைவீர்களானால் உங்களை முதலில் எதிர்கொள்வது காற்று. அடுத்துக் காற்றாலைகள், அதன்பின் தோவாளையின் பூமணம், பிறகு குளங்களும் வயல்களும். நாகர்கோவிலைத் தாண்டி மேற்கே செல்லச் செல்ல வயல்கள் ஒதுங்கிக்கொள்ள, தென்னையும் வாழையும் ரப்பரும் சாலையை நெருக்கி வரும். நாஞ்சில் நாடு என்று பழையவர்கள் சொன்னது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை மட்டுமே. கல்குளத்தையும் விளவங்கோட்டையும் அதனோடு சேர்த்து மாவட்டம் முழுவதையும் அப்பெயரால் அழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நானும் இக்கட்டுரையில் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

மலையையும் கடலையும் பற்றி எழுதுவோர் பலர் உண்டு. நான் எழுத வந்தது வேறொன்று. திருவிதாங்கோடு, தக்கலை, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் போன்ற ஊர்களில் அரபு நாட்டு உழைப்பால் எழுந்த பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்றின் முகப்பில், தார்ப்பாய் போர்த்தியோ போர்த்தாமலோ, மூக்கின்மேல் மூன்று முனை நட்சத்திரம் தாங்கிய நீண்ட பழைய கார் ஒன்று நிற்பதையும் கண்டிருக்கலாம். கடந்து செல்வோர் ‘பென்ஸ்’ என்று ஒரே சொல்லில் கூறிவிட்டு நகர்வார்கள். அந்த வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் எத்தனை இரவுகளின் உறக்கத்தைக் கெடுத்தது, எத்தனை நாள் மகிழ்ச்சியைத் தந்தது என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. அதைக் கேட்டறிய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கார் இல்லாதவனுக்கு வரும் ஆசைதான் அது. அரசுப் பேருந்துதான் என் வாகனம். எங்கள் மதரஸாவுக்கு ஷஃபான் இறுதியில் ஆண்டு விடுமுறை தொடங்கும். நோன்பு பிறப்பதற்கு முன் கிடைத்த சில நாட்களை இதற்கென ஒதுக்கினேன்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டுச் சாதாரண மக்களுக்குப் பென்ஸ் என்ற பெயரை அறிமுகப்படுத்தியது கார் அன்று, லாரி. 1954ஆம் ஆண்டு டாட்டாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து லாரி தயாரிக்கத் தொடங்கிற்று. பதினைந்து ஆண்டுக்கால ஒப்பந்தம் அது. 1969 வரை அந்த லாரிகளின் முகத்தில் அதே மூன்று முனை நட்சத்திரம்தான் இருந்தது. நம் பாட்டனார் காலத்து வணிகர்கள் ‘டாட்டா பென்ஸ்’ என்று சொன்னால் அது சரக்கேற்றும் வண்டி. பின்னர் வந்த டெம்போ டிராவலர் வேனிலும் டிராக்ஸ் ஜீப்பிலும் ஓடியது 240 டி என்ற பென்ஸ் காரின் 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரத்தின் வழிவந்ததே. பஜாஜ் டெம்போ நிறுவனம் அதனை உரிமம் பெற்று இங்கேயே செய்தது. கல்யாண வேனில் நெருக்கியடித்துக்கொண்டு சென்ற நம்மில் எத்தனையோ பேர், தாம் பென்ஸ் இயந்திரத்தால் இழுக்கப்படுகிறோம் என்பதை அறியாமலே பிரியாணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம்!

கார்கள் இரண்டு வழியாக வந்தன. முதல் வழி அரபு நாடு. அங்கே நீண்ட காலம் உழைத்துத் திரும்பியவர்கள், தாம் அங்கு பயன்படுத்திய காரைத் தீர்வை செலுத்தி உடன் கொண்டுவந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை 123 என்ற எண்ணால் அழைக்கப்படும் ரகம். 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் அந்த ரகத்தில் உருவாயின. நாம் செல்வத்தின் அடையாளமாக நினைக்கும் அந்த வண்டி அதன் தாய்நாட்டில் வாடகை டாக்சியாக ஓடியது என்பதை அறிந்தால் வியப்பீர்கள். இரண்டாவது வழி புனே. 1994இல் மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் நிறுவனம் அமைத்து, 1995இல் 124 ரகத்துக் காரை டெல்கோவின் வளாகத்திலேயே பூட்டி விற்கத் தொடங்கியது. இ 220 பெட்ரோல், இ 250 டீசல் என இரண்டு. முன்கண்ணாடிக்கு ஒற்றைத் துடைப்பான். அந்த ஒன்றே நீண்டும் குறுகியும் ஓடி, கண்ணாடியின் 86 விழுக்காட்டைத் துடைத்துவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் எங்கள் மாவட்டத்துக்கு அது பொருத்தமான கருவிதான்.

என் முதல் பயணம் கோட்டாற்றுக்கு. அங்கே பலசரக்கு மொத்த வணிகம் செய்யும் அன்பர் ஒருவர் இ 220 வைத்திருந்தார். ‘வைத்திருந்தார்’ என்று இறந்த காலத்தில் எழுதுவதிலிருந்தே முடிவு உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். கொச்சியில் ஒருவரிடமிருந்து, ஒரு புதிய சிறிய மாருதியின் விலையைவிடக் குறைவாக வாங்கினாராம். “நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். வாங்குகிற விலை ஒன்று, வைத்திருக்கிற விலை வேறு. காரின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும்; அதற்குப் போடும் சாமானின் விலை இறங்குமா? பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டினவன் கதைதான்” என்று சிரித்தார். உள்ளேயிருந்து அவருடைய துணைவியார், “எங்க வீட்டில அதுக்குச் சக்களத்தின்னுதான் பேரு” என்று குரல் கொடுத்தார்.

அவருக்கு நேர்ந்தது கேளுங்கள். 1990களின் முற்பகுதியில் அந்த நிறுவனம் செய்த பெட்ரோல் இயந்திரங்களில் மின்கம்பிகளின்மேல் இருந்த உறை, சில ஆண்டுகளில் இயந்திரச் சூட்டில் வறண்டு, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும் குறை உடையதாக அமைந்துவிட்டது. இது உலகம் முழுவதும் அந்த வண்டிக்காரர்கள் அறிந்த செய்தி. கம்பியோடு கம்பி உரசினால் இயந்திரம் இருமும், தடுமாறும், நடுவழியில் நிற்கும். நம் அன்பருக்கு இதனைச் சொல்லுவார் இல்லை. ஒருவர் பிளக்கை மாற்றினார். மற்றொருவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். மூன்றாமவர் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் பணம் போயிற்று, நோய் போகவில்லை. இறுதியில் வயதான எலக்ட்ரீசியன் ஒருவர் கம்பிக் கற்றையை வெளியே எடுத்து, ஒவ்வொரு கம்பியாகப் புதிதாக இழுத்துக் கட்டிய பிறகு கார் மணிக்கணக்கில் ஓடிற்று. அதற்குள் உரிமையாளரின் மனம் விட்டுப்போயிருந்தது. நோய் தீர்ந்த மறுமாதமே விற்றுவிட்டார். “குணமான பிறகு தலாக் சொன்னவன் நான் ஒருவன்தான்” என்றார். சிரிப்பில் சற்று வருத்தமும் இருந்தது. அந்தக் காரில் திருச்செந்தூர் வரை போய்வந்த ஒரு மழைநாளைப் பற்றி அவர் கால்மணி நேரம் பேசினார். வெளியே கொட்டிய மழை உள்ளே கேட்கவில்லையாம். கதவைச் சாத்தும் ஓசையே ஒரு சுகமாம்.

அவர்தாம் என்னை ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்தார். நகரின் ஒதுக்குப்புறத்தில் தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே மூன்று பழைய பென்ஸ்கள் வெவ்வேறு நிலையில் பிரிந்து கிடந்தன. அவர் கிறிஸ்தவ அன்பர், அறுபதைத் தொட்டவர், டிராக்ஸ் ஜீப்புகளில் தொழில் கற்றவர். “பாய், அந்த இஞ்சின் தெரிஞ்சவனுக்கு இந்த இஞ்சின் அண்ணன் தம்பி மாதிரி. பழைய டீசல் பென்ஸ் நம்ம ஊருல பிழைச்சுக் கிடக்கதுக்குக் காரணமே டிராக்ஸ்தான். பிஸ்டன் ரிங்குக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் ஜெர்மனிக்கா போக முடியும்?” என்றார்.

அவ்வாறாயின் சிரமம் எங்கே என்று கேட்டேன். அவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். நிறைய ரப்பர் துண்டுகள். இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங், சக்கரக் கைகளில் உள்ள புஷ்கள், பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டின் இரு முனையிலும் உள்ள வட்டமான ரப்பர் கப்ளிங். இந்த வண்டியின் சுகமெல்லாம் அந்த ரப்பரில்தான் இருக்கிறது. அது இறுகிவிட்டால் பென்ஸும் மாட்டுவண்டியும் ஒன்றே. சந்தையில் கிடைக்கும் போலிச் சரக்கைப் போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நல்ல சரக்குக்கு மும்பையின் குர்லாவிலோ டெல்லியின் காஷ்மீரி கேட்டிலோ ஆள் பிடிக்க வேண்டும். அல்லது ஷார்ஜாவின் பழைய சாமான் சந்தையிலிருந்து விடுமுறையில் வருவோரின் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே வர வேண்டும். வாசகர்களே, இது எந்த ஊரில் என்று எண்ணிப் பாருங்கள். குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் மலைச்சரிவு முழுதும் ரப்பர் தோட்டம். அரசே ஒரு ரப்பர் கழகம் வைத்து நடத்துகிறது. பால் இங்கே வடிகிறது; நாம் ஒரு விரற்கடை ரப்பருக்கு ஷார்ஜாவைப் பார்த்து நிற்கிறோம்.

பழைய பென்ஸ் வாங்க விரும்புவோருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது அந்த மெக்கானிக் சற்றும் தயங்கவில்லை. “ஓடுகிற வண்டியை வாங்கணும். கிலோமீட்டர் கூட ஓடியிருந்தாலும் பரவாயில்ல, தினம் ஓடின வண்டியா இருக்கணும். பாய் போட்டு மூடி வச்ச வண்டிக்கிட்ட போகப்பிடாது.” நிறுத்தியே வைக்கும் வண்டியில் ரப்பர் வெடிக்கும், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், டாங்கியில் துரு படியும், எலி கம்பியைக் கடிக்கும் என்று அடுக்கினார். டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் கார்களை ஓட்டக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்ட பிறகு அங்கிருந்து மலிவாக வந்த கார்களையும் அவர் பார்த்திருக்கிறார். அடியில் துரு இல்லை என்பது அவற்றின் நன்மை. மேலே பளபளப்பும் மீட்டரில் பொய்யும் இருக்கும் என்பது அவர் கருத்து.

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் பேருந்து ஏறினேன். ஞானமேதை பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருக்கும் ஊர். அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் அது. 1956 நவம்பர் முதல் நாள் எங்கள் மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும், தமிழ் மண்ணில் நிற்கும் அந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே இன்றும் பராமரிக்கிறது. பழையதைப் பராமரிப்பது என்றால் என்ன என்று அறிய விரும்புவோர் அந்த மரவேலைப்பாடுகளையும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் காணலாம். எனக்கோ அங்கு நின்றபோது அந்த அரச மரபினர் ஒருவரின் கார்தான் நினைவுக்கு வந்தது.

உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 2013 டிசம்பரில் மறைந்தவர். அவர் 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 ரகக் கார் ஒன்றை வாழ்நாள் இறுதிவரை வைத்திருந்தார். விலை 12,000 ரூபாய் என்றும், பதிவெண் சி.ஏ.என். 42 என்றும், அதில் மட்டும் 23 லட்சம் மைல் பயணித்தார் என்றும், தயாரித்த நிறுவனமே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிய கார்கள் தர முன்வந்தும் அவர் இசையவில்லை என்றும் செய்தித்தாள்கள் எழுதின. மைல் கணக்கை ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நூறு மைலுக்கு மேல் வருகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அவரது மறைவுக்குப் பின் குடும்பத்தார் அக்காரை, அவர் விருப்பப்படியே, அபுதாபியில் வணிகம் செய்யும் நாட்டிகை யூசுப் அலி அவர்களுக்கு அன்பளிப்பாக அளிக்க முடிவு செய்தார்கள் என்ற செய்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் படித்திருப்பீர்கள். எத்தனையோ புதிய கார்களை வாங்க வல்ல ஒருவருக்கு ஒரு பழைய கார் பரிசாகிறது. அதன் மதிப்பு இரும்பின் மதிப்பன்று.

நம்புதற்கரிய தூரம் என்றதும் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் டாக்சி ஓட்டிய கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் என்பவர் தம் 1976ஆம் ஆண்டு 240 டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004இல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். இடையில் இயந்திரங்களை மாற்றி மாற்றிப் பூட்டினார் என்பது உண்மை. அதனால் என்ன? மன்னர் குடும்பத்தவரும் டாக்சிக்காரரும் ஒரே செயலைத்தான் செய்தார்கள். இருவரும் காரை ஓட்டினார்கள், மூடி வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஐயம் உங்களுக்கு எழக்கூடும். ஓர் உஸ்தாது, பெருமைக்குரிய காரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதலாமா? எனக்கும் எழுந்ததுதான். காரூன் தன் அலங்காரத்தோடு மக்கள் முன் வெளிப்பட்ட காட்சியை அல்கஸஸ் அத்தியாயத்தில் பாடம் நடத்தும்போதெல்லாம் (காரூன் என்ற பெயரில் கார் இருப்பது தற்செயல்தான், ஆயினும் பிள்ளைகள் சிரிக்கத் தவறுவதில்லை) வீட்டு முகப்பில் நிற்கும் சில கார்கள் என் மனத்தில் வந்து போவதுண்டு. அதே குர்ஆன், அந்நஹ்ல் அத்தியாயத்தில் குதிரையையும் கோவேறு கழுதையையும் பற்றிச் சொல்லுமிடத்தில், சவாரியோடு அலங்காரத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. நல்ல துணை, விசாலமான வீடு இவற்றோடு இசைவான வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நபிமொழி எண்ணுகிறது. பெருமை என்பது நல்லாடை அணிவதன்று, மக்களை இழிவாக நோக்குவது என்ற விளக்கமும் நமக்கு உண்டு. ஆகவே பழைய பென்ஸைப் பற்றிய கேள்வி ஹலாலா ஹராமா என்பதன்று. அந்தக் கார் யாரை ஏற்றிச் செல்கிறது என்பதே. எவரையும் ஏற்றாமல் தார்ப்பாய்க்குள் துருப்பிடிக்கும் காரைத்தான் நான் வீண்விரயம் என்பேன். அதை எழுதத் தயங்க மாட்டேன், நண்பர்கள் சிலர் வருந்தினாலும் சரி.

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வழியே தேங்காய்ப்பட்டணம் சென்றேன். குழித்துறையாறு கடலில் கலக்கும் ஊர். எழுத்தாளர் தோப்பில் முகம்மது மீரான் அவர்களைத் தமிழுக்குத் தந்த ஊர். கடற்காற்று மென்மையாக வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுதான் அங்குள்ள எல்லா இரும்புக்கும் எமன் என்பதைச் சிறிது நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

நான் காணச் சென்ற ஹாஜியார் எண்பதை நெருங்குகிறார். தம்மாமில் இருபதாண்டுக்கு மேல் உழைத்தவர். அவருடைய 240 டி, 1986இல் கப்பலேறி வந்தது. அரபு நாட்டு வண்டியாதலால் ஸ்டியரிங் இடப்பக்கம். வீட்டு முகப்பில் நின்ற அதன் வெண்ணிறம் பழுத்த தந்தத்தின் நிறமாகியிருந்தது. ஜாக்கி வைக்கும் துளைகளிலும் சக்கர வளைவுகளிலும் டிங்கர் வேலையின் தழும்புகள். ஒவ்வொரு வியாழனும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறார்; மழைக்காலம் தொடங்கும் முன் கழிவு எண்ணெயைத் துணியில் தோய்த்து அடியெங்கும் பூசுகிறார். “கடலுக்குத் தெரியாம இதை வச்சிருக்கணும் உஸ்தாதே. இத்தன வருசமா கடலை ஏமாத்திக்கிட்டிருக்கேன்” என்றார்.

அவர் சொன்னவற்றுள் ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. அந்தக் காரில் கதவுப் பூட்டுகள் மின்சாரத்தால் இயங்குவதில்லை. காற்றை உறிஞ்சும் வெற்றிட விசையால், மெல்லிய குழாய்கள் வழியே இயங்குகின்றன. டீசலை அடைத்து இயந்திரத்தை நிறுத்துவதும் அதே விசைதான். எங்கோ ஒரு கதவின் குழாயில் ஊசித்துளை விழுந்தால் போதும், சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாலும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்! முன்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் நிறுத்தக் கைப்பிடியை அழுத்தினால்தான் அடங்கும். ஒருமுறை ஜும்ஆவுக்குச் சென்ற ஹாஜியார் வண்டியை நிறுத்திவிட்டு ஒளுச் செய்யப் போய்விட்டார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சிறுவர்கள் ஓடி வந்து, “மாமா, உங்க வண்டி இன்னும் தக்பீர் கட்டல்ல” என்றார்களாம்.

அந்தக் கார் யாரை ஏற்றியது என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணவில்லை. அடுத்த வீட்டாரும் ஜமாஅத்தாரும் சொன்னார்கள். பிரசவ வலியெடுத்த பெண்களை மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் கொண்டு சென்றிருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போயிருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து, மாவட்டமெங்கும் மரங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, கடலுக்குச் சென்று திரும்பாதவர்களின் வீட்டார் ஒவ்வோர் அலுவலகமாக அலைந்தார்கள். பக்கத்துக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த அந்த மீனவச் சகோதரர்களுக்காக ஹாஜியாரின் கார் நாகர்கோவிலுக்குச் சென்று வந்துகொண்டிருந்தது. அவர் டீசல் காசு வாங்கவில்லை என்பதைச் சொன்னவர் அவரல்லர்.

இப்போது அந்த வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் முதல் அக்கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாயாகவும் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு மீண்டும் உயர்த்தி, இருபது ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய் என்று வைத்தது. அத்தொகைக்கு மேல் டிங்கர் வேலை, எஃப்.சி., காப்பீடு எல்லாம் தனி. மூத்த மகன் விற்றுவிடலாம் என்கிறார். கொச்சியிலிருந்து ஒருவர் கேட்கிறார். திருமணங்களுக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடப் போகிறாராம். ஷார்ஜாவில் இருக்கும் இளைய மகன், இருபது ஆண்டாகப் பெட்டியில் ரப்பரும் வடிகட்டியும் சுமந்து வருபவர், “வாப்பா இருக்கும்வரை அது இங்கேயே நிற்கட்டும், பணம் நான் அனுப்புகிறேன்” என்கிறார். மூத்தவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எண்பது வயதில், இடப்பக்க ஸ்டியரிங்கில், இன்றைய மார்த்தாண்டம் சாலையில் ஒருவர் கார் ஓட்டுவதை எந்தப் பிள்ளைதான் அச்சமின்றிப் பார்த்திருக்கும்? அவரைப் பணத்தாசைக்காரர் என்று நான் எண்ணவில்லை. நோக்கினால், அந்தக் காரைப் பற்றி அந்த வீட்டில் மிகுதியாகக் கவலைப்படுபவர் அவரே.

அந்த மூத்த மகன்தான் எனக்கு ஒரு செய்தியைச் சொன்னார். இடப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவருக்கு, முன்னால் செல்லும் பேருந்தையோ லாரியையோ முந்தும்போது எதிரில் வருவது தெரியாது. வலப்பக்கம் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பதாண்டுக்கு மேலாக அந்த வலப்பக்க இருக்கையில் அமர்ந்தவர் ஹாஜியாரின் துணைவியார். “இப்ப வேண்டாம்”, “ம், போகலாம்” என்ற அவருடைய சொல்லின்றி ஹாஜியார் எந்த வண்டியையும் முந்தியதில்லை. அம்மையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பின் யார் அருகில் அமர்ந்தாலும் வாப்பா எவரையும் கேட்பதில்லை. எந்த வண்டியையும் முந்துவதுமில்லை என்றார்.

மாலையில் என்னை மார்த்தாண்டம்வரை கொண்டுவிடுவதாக ஹாஜியார் சொன்னார். மறுத்தும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் சூடேறும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். விளக்கு அணைந்தது, இயந்திரம் ஒரு பெருமூச்சோடு எழுந்தது. இருக்கையின் சுருள்வில்கள் இன்னும் தளரவில்லை. மேடுபள்ளங்களை அந்த வண்டி அறிந்ததாகவே தெரியவில்லை. மூன்று கல் தொலைவுக்குள் ஒரு செங்கல் லாரி முன்னால் வந்து சேர்ந்தது. மெதுவாகச் செல்லும் லாரி. வலப்பக்கம் அமர்ந்திருந்த எனக்குச் சாலை நெடுந்தூரம் வெறுமையாகத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பென்ஸ் லாரிகளைப் பற்றியும், தம்மாமில் முதன்முதலாக அந்தக் காரில் ஏறியபோது தம் துணைவியார் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறியதைப் பற்றியும் அவர் பேசிக்கொண்டே வந்தார். லாரிக்குப் பின்னாலேயே சென்று, மக்ரிபுக்குச் சற்று முன்னர் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் இறங்கினேன்.